இரட்டைப் பிணைப்பின் கதை – 9: நஞ்சூட்டிய உலோகம்

சென்ற வாரம் டால்டா டப்பாவோடு நிறுத்தியிருந்தேன். தீர்ந்த பிறகு துளசிச் செடிக்கும், ரேஷன் மண்ணெண்ணெய்க்கும், பாத்ரூமில் தண்ணீர் மொள்ளவும் பயன்பட்ட அதே மஞ்சள் டப்பா. உள்ளே இருந்த வனஸ்பதி கெட்டிப்பட்டதற்கு நிக்கல் பொடிதான் காரணம் என்று பார்த்தோம். எண்ணெயைச் சூடாக்கி, நிக்கலைக் கலந்து, ஹைட்ரஜனை அழுத்திச் செலுத்தினால் இரட்டைப் பிணைப்புகள் ஒவ்வொன்றாக ஹைட்ரஜனை வாங்கிக்கொண்டு ஒற்றைப் பிணைப்பாகும். எண்ணெய் இறுகும். ஆனால் எல்லாப் பிணைப்பிலும் காரியம் ஒழுங்காக முடிவதில்லை. முதல் ஹைட்ரஜன் வந்து ஒட்டும். இரண்டாவது வருவதற்குள் ஒரு ஹைட்ரஜன் மனம் மாறிக் கழன்றுகொள்ளும். அந்த இடைவெளியில் மூலக்கூறு ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால், மறுபடி உருவாகும் இரட்டைப் பிணைப்பு பழைய சிஸ் வடிவில் இருக்காது, டிரான்ஸாக இருக்கும். 1934-இல் ஹோரியூட்டியும் பொலான்யியும் எழுதிவைத்த விளக்கம் இது. நம் பாக்கெட்டுகளின் பின்புறம் இன்று 'டிரான்ஸ் ஃபேட்' என்று அச்சாவது இந்த மனமாற்றத்தின் கணக்குதான்.

இந்தத் தொடரை இன்று முதல் முறையாகக் கையில் எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பலகைகளை ஒரே ஆணியால் அடித்தால் சுழற்றலாம். இரண்டு ஆணி அடித்துவிட்டால் சுழலாது. கார்பன்களுக்கு நடுவே ஒற்றைப் பிணைப்பு ஒரு ஆணி, இரட்டைப் பிணைப்பு இரண்டு ஆணி, முப்பிணைப்பு மூன்று ஆணி. அதனால் இரட்டைப் பிணைப்பின் இரு முனையிலும் உள்ள நீண்ட கிளைகள் ஒரே பக்கம் இருந்தால் ஒரே பக்கம்தான், அது சிஸ். எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் அது டிரான்ஸ். அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே, ஆனால் பொருள் வேறு. ஓலிக் அமிலம் சிஸ். 13 டிகிரியிலேயே உருகிவிடுவதால் நம் ஊரில் எப்போதும் எண்ணெய்தான். அதன் டிரான்ஸ் உடன்பிறப்பான எலைடிக் அமிலம் 45 டிகிரிக்கு அருகில்தான் உருகும். ஏப்ரல் மாத வேலூரிலும் கட்டியாகக் கிடக்கும்.

ஆக நிக்கலிடம் பலம் இருந்தது, பக்குவம் இல்லை. இந்த வாரம் பக்குவத்தின் கதை. ஒரு உலோகத்தின் பலத்தைக் குறைத்தே அதைக் கெட்டிக்கார வேலைக்காரனாக்கிய கதை.

உலோகத்தின் பெயர் பல்லேடியம். அது உலகுக்கு அறிமுகமான விதமே விசித்திரம். 1803 ஏப்ரலில் லண்டன் சோஹோ பகுதியில் ஒரு கடையில் 'புது வெள்ளி' விற்பனைக்கு என்று ஒரு துண்டுச்சீட்டு சுற்றியது. கண்டுபிடித்தவர் பெயர் இல்லை, ஆய்வுக் கட்டுரை இல்லை, கடையில் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். ரிச்சர்ட் செனிவிக்ஸ் என்ற வேதியியலாளர் கையிருப்பை வாங்கிச் சோதித்து, இது தனிமமே இல்லை, பிளாட்டினமும் பாதரசமும் கலந்த மோசடி என்று அறிவித்தார். உடனே இன்னொரு பெயரில்லா அறிவிப்பு: அப்படிக் கலந்து செய்து காட்டுபவருக்கு 20 பவுண்டு பரிசு! பரிசை யாரும் வாங்கவில்லை. 1805-இல் வில்லியம் ஹைட் வுல்லஸ்டன் எழுந்து, அந்த ஆள் நான்தான் என்றார். அறிவியல் உலகம் அந்தக் குறும்பை ரசித்ததாகச் சொல்ல முடியாது.

1866-இல் தாமஸ் கிரஹாம் இந்த உலோகத்தின் இன்னொரு குணத்தைப் பார்த்தார். பஞ்சு தண்ணீரைக் குடிப்பதுபோல் பல்லேடியம் ஹைட்ரஜனைக் குடிக்கிறது, தன் பருமனைப்போல் பல நூறு மடங்கு. ஹைட்ரஜனைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கடினம். நிக்கலுக்கு உலை வேண்டும், அழுத்தம் வேண்டும். பல்லேடியத்துக்கு அறையின் சூடே போதும். ஆனால் அதுவும் அடக்கம் தெரியாத ஆள். மூன்று பிணைப்பைக் காட்டினால் இரண்டாக்கி, இரண்டை ஒன்றாக்கித்தான் ஓயும்.

*

பாசல் நகரம், ஸ்விட்சர்லாந்து. ரைன் நதி வளையும் இடத்தில் ஹாஃப்மன்-லா ரோஷ் மருந்துக் கம்பெனி. 1930-களில் வைட்டமின் சி-யைத் தொழிற்சாலையில் செய்து விற்கத் தொடங்கிய ரோஷ், போர் முடிந்த கையோடு வைட்டமின் ஏ-யின் மேல் கண் வைத்திருந்தது.

அதுவரை வைட்டமின் ஏ என்றால் மீன் ஈரல். நம் தலைமுறைக்குத் தெரிந்த அந்தப் பொன்னிற மீன் எண்ணெய் மாத்திரை, விரலால் அழுத்தினால் நெளியும், கடித்துவிட்டால் அன்று முழுக்க ஏப்பத்தில் மீன் வரும். அதற்கு முந்தைய தலைமுறைக்கு மாத்திரைகூட இல்லை, ஸ்பூனில் எண்ணெய்தான். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பிய காட் மீன் எண்ணெய் வரத்து நின்றபோது மதராஸ் மாகாண அரசு கோழிக்கோட்டில் சுறா ஈரலிலிருந்து எண்ணெய் எடுத்து மருத்துவமனைகளுக்குக் கொடுத்தது. மீன் கிடைத்தால் வைட்டமின், கிடைக்காவிட்டால் இல்லை என்ற நிலைமை.

வைட்டமின் ஏ-யின் வடிவத்தை 1931-லேயே ஜூரிக்கில் பால் காரர் சொல்லிவிட்டார். ஒரு ஆறுமுக வளையம், அதிலிருந்து நீளும் வால், வளையத்தில் ஒன்றும் வாலில் நான்குமாக ஐந்து இரட்டைப் பிணைப்புகள். வால் முழுவதும் டிரான்ஸ், வளையாத நேர்கோடு. வடிவம் தெரிவது வேறு, டன் கணக்கில் செய்வது வேறு. ரோஷில் ஓட்டோ ஐஸ்லரும் அவருடைய கூட்டாளிகளும் 1947-இல் அதைச் செய்து காட்டினார்கள். அவர்களுடைய தொடக்கப் பொருள் பீட்டா-அயோனோன், வயலட் பூவின் வாசனை உள்ள பொருள். அந்நாளில் உலகச் சந்தைக்கு அயோனோன் பெரும்பாலும் எலுமிச்சம்புல் எண்ணெயிலிருந்து வந்தது. எலுமிச்சம்புல் எண்ணெய் வணிகத்தில் 'கொச்சி எண்ணெய்' என்று பெயர் பெற்றிருந்தது, திருவிதாங்கூர் மலைச்சரிவுகளில் செம்புப் பானைகளில் வடித்துக் கொச்சித் துறைமுகத்தில் கப்பலேறியதால். மீனை விட்டுப் புல்லுக்கு வந்தது வைட்டமின்.

ஐஸ்லரின் வழியில் ஒரு இடத்தில், பதினான்கு கார்பன் துண்டும் ஆறு கார்பன் துண்டும் ஒட்டும் மூட்டில், முப்பிணைப்பு ஒன்று நிற்கும். துண்டுகளைக் கோர்க்க முப்பிணைப்பு வசதியானது. ஆனால் வைட்டமினில் அந்த இடத்தில் இருக்க வேண்டியது இரட்டைப் பிணைப்பு. ஒரே ஒரு ஜோடி ஹைட்ரஜனைச் சேர்த்துவிட்டு நிறுத்த வேண்டும். அதே மூலக்கூறில் வேறு இரட்டைப் பிணைப்புகளும் பக்கத்திலேயே இருக்கின்றன, அவற்றைத் தொடக் கூடாது. இதைத்தான் அடக்கம் தெரியாத பல்லேடியத்திடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது.

அங்கே வருகிறார் ஹெர்பர்ட் லிண்ட்லர். 1909-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிறந்தவர். எஃகுக்குப் பெயர் போன ஊர்க்காரர் உலோகத்தை மழுங்கடிப்பதில் பெயர் வாங்கியது நல்ல பொருத்தம். 1952-இல் ஹெல்வெடிக்கா கிமிக்கா ஆக்டா இதழில் ஜெர்மன் மொழியில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். தேர்ந்து ஹைட்ரஜனேற்றும் ஒரு புதிய வினையூக்கி என்பதுதான் தலைப்பின் சாரம். ஆர்ப்பாட்டம் இல்லாத தலைப்பு. கரிம வேதியியல் படித்த எவரும் இன்றுவரை உச்சரிக்கும் பெயர் அதிலிருந்துதான் வந்தது.

செய்முறையைப் படித்தால் ஆராய்ச்சிக் கட்டுரையைவிடச் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். லிண்ட்லரே பின்னாளில் ஒரு துணையாசிரியரோடு சேர்ந்து, யாரும் செய்துகொள்ளும்படி 1966-இல் அதை விரிவாக அச்சிட்டார். சுமார் ஒன்றரை கிராம் பல்லேடியம் குளோரைடை அமிலத்தில் கரைத்து, தண்ணீர் விட்டு, புளிப்பைக் கொஞ்சம் தணித்துக்கொள்ள வேண்டும். அதில் 18 கிராம் கால்சியம் கார்பனேட், அதாவது நம் சுண்ணாம்புக்கல் பொடி. சூடாக்கிக் கலக்கினால் பல்லேடியம் கரைசலை விட்டுச் சுண்ணாம்பின் மேல் படியும். சோடியம் ஃபார்மேட் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு பழுப்பு நிறம் சாம்பலாகும், பிறகு கறுக்கும். பல முறை தண்ணீரில் அலச வேண்டும். இதுவரை செய்தது சாதாரண வினையூக்கி. இனிமேல்தான் விஷயம். அலசிய கறுப்புப் பொடியில் காரீய அசிட்டேட் கரைசலை விட்டு முக்கால் மணி நேரம் சூட்டில் கலக்க வேண்டும். மறுபடி அலசி உலர்த்தினால் 19 கிராம் அளவுக்குக் கருஞ்சாம்பல் பொடி. பயன்படுத்தும்போது குயினோலின் என்ற திரவம் சில துளி. அவ்வளவுதான்.

காரீய அசிட்டேட்டுக்கு 'ஈயச் சர்க்கரை' என்றொரு பழம்பெயர் உண்டு, நாக்கில் இனிக்கும் என்பதால். உடம்புக்கு விஷம். பல்லேடியத்துக்கும் விஷம், வேதியியலார் இதை அப்படியேதான் சொல்கிறார்கள், வினையூக்கிக்கு 'நஞ்சூட்டுதல்' என்று. நஞ்சூட்டும் யோசனை லிண்ட்லரோடு பிறந்ததல்ல. கார்ல் ரோசன்மண்ட் 1918-லேயே பேரியம் சல்ஃபேட்டின் மேல் படியவைத்த பல்லேடியத்தைக் கொண்டு அமில குளோரைடுகளை ஆல்டிஹைடு வரை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினார். அந்த வினையை மேலே ஓடவிடாமல் தடுக்க கந்தகம் கலந்த குயினோலினைச் சேர்ப்பது வழக்கமாயிற்று. தொழிற்சாலைக்காரர்கள் வினையூக்கியில் நஞ்சேறிவிட்டது என்றால் தலையில் கை வைத்த காலம் அது. கெடுதலை வேண்டுமென்றே, அளந்து, சேர்ப்பது ஒரு மனத்துணிவு. பரிசுகளின் பட்டியலில் லிண்ட்லர் பெயர் பெரிதாக இல்லை. என்னைக் கேட்டால், நோபல் வாங்கிய சில கண்டுபிடிப்புகளைவிட இந்தச் சாம்பல் பொடி அதிக ஆய்வுக்கூடங்களில் அதிக நாள் உழைத்திருக்கிறது.

*

அந்தப் பொடியின் மேல் என்ன நடக்கிறது?

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கல் பல்லேடியம், மாவு முப்பிணைப்புள்ள ஆல்கைன். தோசை கல்லில் படுத்தபடி வேகும், சூடு கீழிருந்து மட்டும் வரும். ஹைட்ரஜனும் அப்படித்தான்: உலோகப் பரப்பில் அணு அணுவாகப் பிரிந்து கிடக்கிறது, மேலே படுத்திருக்கும் ஆல்கைனுக்குக் கீழ்ப்பக்கமிருந்து மட்டும் போய்ச் சேர்கிறது. இரண்டு ஹைட்ரஜனும் ஒரே பக்கம். எனவே நீண்ட கிளைகள் இரண்டும் மறுபக்கம் ஒன்றாக ஒதுங்கும். சிஸ். தோசையைத் திருப்பிப் போடுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் சாமர்த்தியம்.

எடுக்க வைப்பது யார்? ஆல்கைனுக்குப் பல்லேடியத்தின் மேல் பிடிப்பு அதிகம், இரட்டைப் பிணைப்புள்ள ஆல்கீனுக்குக் குறைவு. டவுன் பஸ்ஸில் முரட்டு ஆள் ஏறினால் மெலிந்தவர் சீட்டை விட்டு எழுவது போல, ஆல்கைன் மீதமிருக்கும் வரை ஆல்கீனை உட்கார விடாது. ஆல்கைன் தீர்ந்ததும் ஆல்கீன் மெல்ல வந்து உட்காரப் பார்க்கும். அங்கேதான் காரீயமும் குயினோலினும் உதவுகின்றன. பல்லேடியத்தின் துடிப்பான இடங்களை அவை முன்கூட்டியே துண்டு போட்டுப் பிடித்து வைத்திருக்கின்றன. முரட்டு ஆல்கைனால் அவற்றைத் தள்ளிக்கொண்டு உட்கார முடியும், ஆல்கீனால் முடியாது.

பாடப்புத்தகம் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளும். ஆய்வுக்கூடத்தில் அப்படி நிற்காது என்பதற்கு நானே சாட்சி. ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஒரு மாலை குடுவையின் வாயில் ரப்பர் மூடி, அதில் ஊசி, ஊசியின் மேல் பிறந்தநாள் பலூன் நிறைய ஹைட்ரஜன் என்று கட்டிவைத்தேன். காந்தக் கலக்கி சுற்ற ஆரம்பித்தது, சாம்பல் பொடி சுழன்றது, நான் டீ குடிக்கப் போனேன். டீக்கடையில் அரசியல் பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வந்தபோது பலூன் சுருங்கித் தொங்கியது, எனக்கு மனம் நிறைந்தது. மறுநாள் வெள்ளி நைட்ரேட் பூசிய தகட்டில் ஓட்டிப் பார்த்தால் மூன்று புள்ளி: வேண்டிய சிஸ், அதற்கு முன்னால் ஓடிய டிரான்ஸ், அதற்கும் முன்னால் ஒன்றுமே மிச்சம் வைக்காமல் முழுதாக ஹைட்ரஜன் ஏறிப்போன ஆல்கேன். ஆறு மாதம் சேர்த்த பொருள். நஞ்சு ஊட்டினாலும் பல்லேடியம் பல்லேடியம்தான். கண்காணிக்காவிட்டால் மெதுவாகத் தன் பழைய புத்தியைக் காட்டும். அதனால்தான் பழைய ஆட்கள் பலூனை நம்பாமல், ஹைட்ரஜனைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து எத்தனை மில்லி குறைகிறது என்று பார்த்துக்கொண்டே நிற்பார்கள். கணக்குப்படி குறைந்ததும் கலக்கியை நிறுத்து.

இன்னொரு வேடிக்கை. இந்தச் சிஸ் குணத்துக்காகத்தான் லிண்ட்லர் வினையூக்கி இன்று புகழ் பெற்றிருக்கிறது. ஆனால் அது பிறந்த வைட்டமின் ஏ வேலைக்குச் சிஸ் தேவையே இல்லை! அங்கே தேவைப்பட்டது நிறுத்துவது மட்டும். கிடைத்த சிஸ் வளைவு அடுத்த படியில், மூலக்கூறிலிருந்து நீர் நீக்கப்பட்டுப் பிணைப்புகள் இடம்பெயரும்போது நிமிர்ந்து டிரான்ஸாகிவிடும்.

சிஸ் வேண்டியவர்கள் பிறகு வரிசை கட்டி வந்தார்கள். வாசனைத் தொழில்காரர்கள் முதலில். புல்லை வெட்டிய உடனே எழும் பச்சை வாசம் இருக்கிறதே, பள்ளி மைதானத்தில் புல்வெட்டி ஓடிய காலை நினைவுக்கு வரும் வாசம், அதில் முக்கியப் பங்கு சிஸ்-3-ஹெக்செனால் என்ற ஆறு கார்பன் பொருளுக்கு. இலை ஆல்கஹால் என்பார்கள். அதே இடத்தில் முப்பிணைப்பு உள்ள பொருளைச் செய்து, நஞ்சூட்டிய பல்லேடியத்தின் மேல் பாதி வழி ஓட்டினால் புல்வாசம் தயார். டிரான்ஸ் கலந்தால் அந்தப் பசுமை கெட்டுவிடும் என்று மூக்கு உடனே சொல்லிவிடும்.

டிரான்ஸ் வேண்டியவர்களுக்கு வேறு கதவு இருந்தது. அமோனியாவை மைனஸ் 33 டிகிரிக்குக் கீழே குளிர்வித்துத் திரவமாக்கி, அதில் சோடியத் துண்டைப் போட்டால் அழுத்தமான நீலம் பரவும். அந்த நீலத்தில் ஆல்கைனை விட்டால் டிரான்ஸ் ஆல்கீன் கிடைக்கும். அழகான காட்சி, மூச்சு முட்டும் நெடி. ஆனால் அங்கே சோடியம் வினையூக்கி இல்லை, எரிபொருள் போலத் தீர்ந்துபோகிறது. ஹைட்ரஜனையே எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்து, பல வகை மூலக்கூறுகளில் நம்பிப் பயன்படுத்தத்தக்க டிரான்ஸ் தரும் ருதீனிய வினையூக்கியை ஜெர்மனியின் ம்யூல்ஹைமில் அலோய்ஸ் ஃபுர்ஸ்ட்னர் குழு வெளியிட்டது 2013-இல்தான்.

*

சிஸ்ஸா டிரான்ஸா என்பதை மனிதனின் மூக்கைவிடக் கறாராகப் பார்க்கும் ஒரு நீதிபதி உண்டு. அந்துப்பூச்சி.

அடால்ஃப் புட்டெனாண்ட் பாலின ஹார்மோன்களுக்காக 1939-இல் நோபல் அறிவிக்கப்பட்டவர். நாஜி அரசு வாங்க விடவில்லை, போருக்குப் பிறகுதான் பதக்கம் கைக்கு வந்தது. அவர் இருபது ஆண்டுகள் பிடிவாதமாக ஒரு காரியத்தைச் செய்தார். பெண் பட்டுப்பூச்சி ஆணை எதனால் அழைக்கிறது? பெர்லினில் தொடங்கி, போரில் ட்யூபிங்கனுக்கு இடம்பெயர்ந்து, ம்யூனிக்கில் முடிந்த வேலை. 5 லட்சம் பெண் பூச்சிகளின் வயிற்று நுனிச் சுரப்பிகளை வெட்டிச் சேர்த்தார்கள். நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் கூடு கட்டும் அதே பூச்சி இனம்தான். இங்கே நூலுக்காகக் கூட்டோடு வெந்நீரில் போய்விடுவதால் பெரும்பாலானவை சிறகு விரிக்கும் நாள் வருவதில்லை. 5 லட்சம் பூச்சியிலிருந்து கடைசியில் கிடைத்தது, நிறமுள்ள ஒரு சேர்மமாக மாற்றிய பிறகு, சுமார் 12 மில்லிகிராம். உப்புக் கல் சிலவற்றின் எடை.

சோதனை மட்டும் எளிமை. கண்ணாடிக் குச்சியைக் கரைசலில் தோய்த்து ஆண் பூச்சிக்கு முன்னால் நீட்ட வேண்டும். பட்டுப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, மனிதன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வளர்த்துப் பறத்தலை மறக்கடித்துவிட்டான். ஆனால் அந்த வாசம் பட்டதும் சிறகைப் படபடவென்று அடித்துக்கொண்டு வட்டமிட்டு நடக்கும். ஜெர்மானியர்கள் அதை நடனம் என்றே அழைத்தார்கள். நடனம் ஆடினால் பொருள் இருக்கிறது, ஆடாவிட்டால் இல்லை.

1959-இல் பெயர் வைத்தார்கள்: பாம்பிகால். பதினாறு கார்பன் சங்கிலி, ஒரு முனையில் ஆல்கஹால், பத்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் இரட்டைப் பிணைப்பு. இரண்டு பிணைப்பு, ஒவ்வொன்றும் சிஸ்ஸோ டிரான்ஸோ, ஆக நான்கு சாத்தியம். எது பூச்சியின் பொருள்? 12 மில்லிகிராமை வைத்துக்கொண்டு அன்றைய கருவிகளால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. ஒரே வழிதான்: நான்கையும் செய்து பூச்சியிடமே கேட்பது. சிஸ் வேண்டிய இடத்தில் முப்பிணைப்பை வைத்து, பாதியில் நிறுத்துவதுதான் அன்று வேதியியலார் கையில் இருந்த நம்பகமான உத்தி. பதில் வந்தது: பத்தாவது டிரான்ஸ், பன்னிரண்டாவது சிஸ். அந்த ஒன்றுக்கு ஆடிய பூச்சியை மற்ற மூன்றால் ஆட்டுவிக்கப் பல கோடி மடங்கு அதிகச் செறிவு தேவைப்பட்டது.

பூச்சி மொழியில் இரட்டைப் பிணைப்பின் திசைதான் எழுத்து என்று தெரிந்ததும் விவசாயத்துக்கு ஆசை வந்தது. பருத்தியின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு விஷயத்தில் அந்த ஆசை நன்றாகவே அடி வாங்கியது. 1966-இல் அமெரிக்காவில் 'புரொப்பிலூர்' என்ற பொருளைப் பெண் பூச்சியின் வாசனை என்று அறிவித்தார்கள். மற்றவர்கள் அதைச் செய்து வைத்துப் பார்த்தால் ஆண் பூச்சி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 1973-இல்தான் உண்மை தெரிந்தது. அது ஒரு பொருள் அல்ல, இரண்டு. ஏழாம் இடத்தில் இரண்டிலும் சிஸ், பதினொன்றாம் இடத்தில் ஒன்றில் சிஸ், மற்றதில் டிரான்ஸ், கிட்டத்தட்டச் சரிபாதி. காசிபிலூர் என்று பெயர், பருத்தியின் தாவரவியல் பெயரிலிருந்து. கலவைதானே வேண்டும், தூய்மை எதற்கு என்று தோன்றலாம். சரிபாதி என்று நிறுக்க வேண்டுமென்றால் முதலில் இரண்டையும் தனித்தனியாகச் செய்யத் தெரிய வேண்டும், அல்லது வினையே சரிபாதியில் நிற்க வேண்டும். இன்று நம் பருத்திக் காடுகளில் மஞ்சள் மூடியும் பாலிதீன் பையுமாகத் தொங்கும் இனக்கவர்ச்சிப் பொறியைக் கிட்டே போய்ப் பாருங்கள். மூடிக்கு அடியில் சுண்டுவிரல் நுனி அளவு ரப்பர் துண்டு செருகியிருக்கும். அதற்குள் ஊறியிருப்பது சில மில்லிகிராம்தான்.

*

லிண்ட்லர் முறைக்கு ஒரு எல்லை உண்டு. முப்பிணைப்பு முதலில் இருந்தாக வேண்டும், கிடைப்பது சிஸ் மட்டும். பாம்பிகால் போல டிரான்ஸும் சிஸ்ஸும் ஒட்டிக்கொண்டு அடுத்தடுத்து நிற்கும் இடத்தில், ஒன்றைச் சரிசெய்யப் போனால் பக்கத்து வீட்டுச் சுவர் இடியும் அபாயம். பல்லேடியத்துக்கு வேறு வேலை கொடுத்தால் என்ன? வடிவத்தை உருவாக்கச் சொல்லாமல், ஏற்கெனவே வடிவம் உள்ள இரண்டு துண்டுகளை வடிவம் குலையாமல் ஒட்ட மட்டும் சொன்னால்?

ஜப்பானின் சப்போரோ நகரத்தில், 1960-களின் தொடக்கத்தில், ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் இளம் ஆசிரியர் அகிரா சுசுகி புத்தகக் கடைக்குப் போனார். அலமாரியில் சிவப்பும் கறுப்புமாக ஒரு அட்டை, வேதியியல் புத்தகம் போலவே இல்லை. போரானைப் பற்றி ஹெர்பர்ட் பிரவுன் எழுதியது. வாங்கிக்கொண்டு போய் அன்றிரவே படித்தார். 1963-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் அதே பிரவுனிடம் போய்ச் சேர்ந்து இரண்டாண்டு வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார். போரானை முப்பிணைப்பில் ஏற்றினால் டிரான்ஸ் வடிவம் சுத்தமாக அமையும் என்பதை அங்கே கை பழகக் கற்றிருந்தார். ஆனால் அந்தப் போரான் சேர்மங்கள் சாதுவானவை. தண்ணீருக்கும் அசையாது, காற்றுக்கும் அசையாது. இத்தனை சாதுவானதை வைத்து என்ன செய்வது என்று பலரும் ஒதுக்கியிருந்தார்கள்.

1979-இல் சுசுகியும் நோரியோ மியாவுராவும் திறந்த கதவின் சாவி ஒரு காரம். பல்லேடியமும் போரான் துண்டும் ஹாலஜன் துண்டும் குடுவையில் இருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. காரத்தைச் சேர்த்ததும் போரான் தன் பிடியிலிருந்த கார்பன் துண்டைப் பல்லேடியத்திடம் கைமாற்றியது. பல்லேடியம் ஒரு கையில் இதை, மறு கையில் ஹாலஜன் விட்டுப்போன துண்டைப் பிடித்து ஒன்றோடொன்று சேர்த்துவிட்டு, தான் விலகிக்கொண்டது. டிரான்ஸாக வந்தது டிரான்ஸாகவே, சிஸ்ஸாக வந்தது சிஸ்ஸாகவே. நிக்கல் செய்த மனமாற்றம் இங்கே கிடையாது.

சுசுகி இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 2010-இல் ரிச்சர்ட் ஹெக், ஐ-இச்சி நெகிஷி ஆகியோருடன் நோபல் வந்தது. இன்று மாத்திரைத் தொழிற்சாலையிலும் திரவப் படிகத் திரை செய்யும் இடத்திலும் இந்த வினை அன்றாட வேலை. அந்தப் பெரிய கணக்கைவிட எனக்குப் பிடித்தது 1983-இல் சப்போரோவிலிருந்து வந்த ஒரு சிறு கட்டுரை. பதினொரு கார்பன் ஆல்கைனில் போரானை ஏற்றி டிரான்ஸ் துண்டு. ஐந்து கார்பனில் ஒரு சிஸ் துண்டு. நடுவில் பல்லேடியம், கொஞ்சம் காரம். பதினாறு கார்பன், பாம்பிகால். துண்டுகளின் வடிவத்தை மாற்றி மாற்றி எடுத்து மற்ற மூன்றையும் அதே வழியில் செய்தார்கள். 5 லட்சம் பூச்சிகளை வெட்டிப் புட்டெனாண்ட் 12 மில்லிகிராம் சேர்த்த பொருளும், பூச்சி திரும்பிப் பார்க்காத அதன் மூன்று சகோதரிகளும், நான்கு குப்பிகளில் தனித்தனியாக.

குப்பிகளைப் பார்த்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரியாது. எது எதுவென்று காகிதத்தில் எழுதி ஒட்டியாக வேண்டும்.

அடுத்த வாரம் பாரிஸுக்கு வெளியே ஒரு பெட்ரோலிய ஆய்வு நிறுவனம். 1971. அங்கே ஈவ் ஷோவன் என்பவர், இரட்டைப் பிணைப்பையே நடுவில் வெட்டி ஜோடி மாற்றி ஒட்டும் உலோகத்தின் கதையைக் காகிதத்தில் வரைந்துகொண்டிருக்கிறார்.